சாவித்துளை இல்லாத கதவு

அன்பும் மரியாதையும், ஓரமாகக் கொஞ்சம் கோபமும் சேர்த்து என் அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் அத்தானுடைய ரத்த அழுத்தமும் ஒரு நிலையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் நீ போட்ட கடிதம் கிடைத்தது. மகளுடைய புது வீட்டுப் பக்கமே போக மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறாயாமே, மாப்பிள்ளை வீட்டாரோடு என்னடா சண்டை என்று அதில் கேட்டிருந்தாய். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். சண்டையே இல்லை அக்கா. சண்டையாக இருந்தால் ஒரு வரியில் எழுதியிருப்பேன். இது அதைவிடக் கேவலமான சமாசாரம் என்பதால் நாலு பக்கம் ஆகும். சிரிப்பு வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சிரி. அத்தானுக்கு மட்டும் படித்துக் காட்டாதே.

விஷயம் இதுதான். மகள் முதலில் குடியிருந்தது இரண்டாம் மாடி. நான் பாட்டுக்குப் படியேறிப் போவேன், பேசுவேன், சாப்பிடுவேன், இறங்குவேன், ஒரு வம்பும் இல்லை. குழந்தை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று மாப்பிள்ளை பதினாலாம் மாடியில் வீடு பிடித்தார். அதே வாரம் எனக்கு முழங்காலில் ஆபரேஷன். இனிமேல் மாடிப்படியைக் கண்ணால் பார்த்தாலும் காலால் தொடக் கூடாது என்று எலும்பு டாக்டர் மிரட்டி அனுப்பினார். ஆக, மகள் வீட்டுக்குப் போக ஒரே வழி லிஃப்ட். எனக்கும் லிஃப்ட்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது, அறுபத்திரண்டு வயது வரை பொத்திப் பொத்திக் காத்து வந்த ரகசியம் அது. முப்பத்தெட்டு வருடமாகப் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறவனுக்கு மூடின கதவைப் பார்த்து என்ன பயம் என்று கேட்பாய். கதவுக்குப் பயமில்லை அக்கா. பீரோ, பெட்டகம், கார்க் கதவு, உள்ளே ஆள் மாட்டிக்கொண்ட குளியலறை, எதுவானாலும் ஐந்து நிமிடத்தில் திறந்து கொடுத்துவிடுவேன். கதவு என்றால் பூட்டு இருக்கும், பூட்டு என்றால் துளை இருக்கும், துளை இருந்தால் நான் இருக்கிறேன். லிஃப்ட் கதவில் என்ன இருக்கிறது? கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி மொழுமொழுவென்று இரண்டு தகரம். சாவித்துளை இல்லாத கதவை நான் எப்படி நம்புவது? அதன் முன்னால் போய் நின்றாலே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை ஈரமாகும், காது இரண்டும் அடைத்துக்கொள்ளும். கதவு திறந்து உள்ளே இருக்கிற கண்ணாடியில் என் மூஞ்சி தெரியும்போது, ஐயோ பாவம், இந்த ஆள் தேற மாட்டான் என்று எனக்கே பரிதாபமாக இருக்கும்.

பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொன்னேனா? முதல் தடவை முழங்கால் வலிக்கிறது, கீழேயே இருக்கிறேன் என்றேன். அதற்குத்தானே லிஃப்ட் என்றாள் மகள். இரண்டாம் தடவை செருப்பு புதுசு, வாசலில் விட்டுவிட்டு வர மனசில்லை என்றேன். கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள் மாமா, ஷெல்ஃபில் வைத்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை, நல்ல மனுஷன். மூன்றாம் தடவை ஒரு காரணமும் வாயில் வராமல், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது போதாதா? மாமனாருக்கு ஏதோ மனத்தாங்கல் என்று மாப்பிள்ளை நினைத்தார். நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று சம்பந்தியம்மா மூன்று பேரிடம் கேட்டார்கள். அந்த மூன்று பேர் முப்பது பேரிடம் கேட்டார்கள், அதில் ஒருவர் உனக்குப் போன் போட்டிருக்கிறார். எனக்கோ, கோபக்காரன் என்ற பெயரில் ஒரு கௌரவமாவது இருக்கிறது, பயந்தாங்கொள்ளி என்ற பெயரில் என்ன இருக்கிறது என்ற வீம்பு. அந்த வீம்பின் பலன், பேத்தி பிறந்து மூன்று மாதம் வரை அவளை நான் பார்த்தது கார் நிறுத்துகிற இடத்தில், ஜெனரேட்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவே. கூடையில் வைத்துக் கீழே கொண்டுவருவார்கள், பத்து நிமிடம் பார்ப்பேன், கொசு கடிக்கிறது என்று மேலே கொண்டுபோய்விடுவார்கள். நான் போகிற நேரமெல்லாம் மோட்டார் ஓடும். தாத்தா என்றால் டர்ரென்று சத்தம் வருகிற ஒரு சாமான் என்றுதான் அந்தக் குழந்தை புரிந்துவைத்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் மகள் குழந்தையோடு தனியாக இறங்கி வந்தாள். ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாள். "அடுத்த மாசம் நான் வேலைக்குத் திரும்பணும்பா. நீங்களும் அம்மாவும் வந்து இவளைப் பாத்துப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எங்க மேல என்ன கோபம்னு சொல்லிடுங்க. தப்பு எங்களோடதுன்னா மன்னிப்புக் கேட்டுக்கறோம்" என்றாள். அக்கா, அந்த மன்னிப்பு என்ற வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. செய்யாத தப்புக்கு என் குழந்தை என்னிடம் மன்னிப்புக் கேட்பதா? "கோபம் இல்லம்மா, பயம். லிஃப்ட்டுன்னா எனக்குப் பயம்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னையும் மேலே பதினாலாம் மாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அழுது முடித்ததும் போனை எடுத்து மாப்பிள்ளைக்குச் சொன்னாள், சம்பந்தியம்மாவுக்குச் சொன்னாள், கடைசியாக அவள் அம்மாவுக்குச் சொன்னாள். அங்கேதான் அக்கா என் சனி தொடங்கியது.

உன் தம்பி பெண்டாட்டியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சர். ஓய்வு பெற்றாலும் விசில் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது. இத்தனை வருடம் என்னிடம் மறைத்தீர்களா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். மறுநாள் காலை மனநல ஆலோசனைக்கு நேரம் வாங்கிவிட்டாள். அங்கே இருந்தவர் சின்னப் பெண், நம் மகளைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். டாக்டரம்மா என்று கூப்பிட்டோம். நான் மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை, பயிற்சி கொடுக்கிறவள் என்று திருத்தினார். நாங்கள் திருந்தவில்லை. இந்தப் பயம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். அப்போதுதான் அக்கா, எனக்கு நீ ஞாபகம் வந்தாய். எனக்கு ஆறு வயது, கண்ணாமூச்சி விளையாட்டு, துணி அலமாரிக்குள் என்னை ஒளிந்துகொள்ளச் சொல்லி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு உன் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாய். இரண்டு மணி நேரம் அந்துருண்டை வாசனையில் கிடந்தேன். இதை நான் கை, முகம், குரல் எல்லாம் போட்டு விவரமாகச் சொல்லி, தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அவர் இரண்டு வரி குறித்துக்கொண்டு, அதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அலமாரியில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேருக்குப் பயமே வருவதில்லையாம், அலமாரியையே பார்க்காதவர்களுக்கு வருகிறதாம். அப்படியானால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டாமா என்று கேட்டேன். "யாரு பூட்டினாங்கன்னு தெரியாமலே நீங்க தினமும் பூட்டைத் திறக்கறீங்க இல்லயா சார்?" என்றார். என் தொழிலை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். ஆக, உன் மேல் போடவிருந்த வழக்கு தள்ளுபடி. கோபம் மட்டும் பாக்கி, அதைத்தான் முதல் வரியில் எழுதினேன்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கும் உதவும். "பயம் ஏறும் சார். ஓரளவுக்கு மேல ஏற முடியாம நின்னுடும். அப்புறம் தானா இறங்கும். நீங்க ஒவ்வொரு தடவையும் அது உச்சியில இருக்கறப்பவே ஓடி வந்துடறீங்க. அதனால அது இறங்கறதை நீங்க பாத்ததே இல்ல." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதானே, எந்த லிஃப்ட் முன்னாலும் நான் முழுசாக ஒரு நிமிடம் நின்றதில்லையே. சிகிச்சை என்னவென்றால் ஒரு நோட்டு. அதில் லிஃப்ட் சம்பந்தப்பட்ட பயங்களைச் சின்னதிலிருந்து பெரிசு வரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று பயத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். கீழ்ப்படியில் ஆரம்பித்து, பயம் இறங்குகிற வரை அங்கேயே இருந்து, பழகினபின் அடுத்த படி. என்ன நடக்கும் என்று நினைக்கிறோமோ அதை முன்னாலேயே எழுதிவைத்து, என்ன நடந்தது என்று பிறகு எழுத வேண்டும். நடுவில் நான் ஓடக் கூடாது, மற்றவர்கள் என்னைத் தள்ளவும் கூடாது. தள்ளவும் கூடாதா என்று கேட்டாள் உன் தம்பி பெண்டாட்டி, முகம் வாடிவிட்டது அவளுக்கு. ஆனாலும் நோட்டை அவளே எடுத்துக்கொண்டாள். டீச்சர் புத்தி போகுமா? முதல் நாள் பதினாலாம் மாடிக்கு நான் தொண்ணூறு சொன்னதைப் பக்கத்து வீட்டில் போய், இவர் தொண்ணூறு வாங்கிவிட்டார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். மார்க் குறையக் குறையத்தான் பாஸ் என்பது அவள் மண்டையில் ஏற நாலு நாள் ஆயிற்று.

முதல் படி, லிஃப்ட் படத்தைப் பார்ப்பது. இருபது மார்க். அவள் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள் அல்லவா, பத்திரிகை விளம்பரத்திலிருந்தெல்லாம் வெட்டி முப்பது லிஃப்ட் படங்களை வீட்டுச் சுவரிலும், போதாததற்கு என் கடையிலும் ஒட்டிவிட்டாள். சாவி போட வந்தவர்கள் எல்லாரும், அண்ணே இப்போது லிஃப்ட்டும் ரிப்பேர் பண்றீங்களா என்று கேட்டார்கள். அடுத்த படி, மகள் இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் முன்னால் பத்து நிமிடம் நிற்பது. ஐம்பது மார்க். அதற்கடுத்தது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நிற்பது. அறுபத்தைந்து. உள்ளே நான், கதவு மூடாமல் வெளியே காலை வைத்துக்கொண்டு அவள், கையில் நோட்டு. வருகிறவர்கள் எல்லாம் என்னை லிஃப்ட்டை இயக்குகிற ஆள் என்று நினைத்து எட்டு, பதினொன்று என்று சொல்லிவிட்டு உள்ளே நின்றார்கள். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்ததால் நானும் பொத்தானை அமுக்கிவிட்டு, கொஞ்சம் பொறுங்க, கதவு சரியில்லை என்று சமாளித்தேன். ஒரு அம்மா உள்ளே இருக்கிற விசிறி ஓடவில்லை என்று என்னிடம் புகார் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டேன். மறுநாள் சரியாகிவிட்டதா என்றும் கேட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் கூத்திலேயே அறுபத்தைந்து நாற்பதாகி, நாற்பது இருபத்தைந்தாகிவிட்டது.

கதவை மூடிக்கொண்டு அவளோடு ஒரு மாடி, பிறகு இரண்டு மாடி என்று போய் வந்தோம். மூன்றாவது வாரம் டாக்டரம்மா என் சட்டைப் பைகளைக் காட்டச் சொன்னார். டார்ச், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், திருப்புளி, வளைத்த கம்பிகள் அடங்கிய என் தோல் உறை, அவளுடைய விசில் மாதிரி இன்னொரு விசில் எல்லாம் மேஜை மேல் வந்தன. இதெல்லாம் கையில் இருந்தால், தப்பித்தது இவற்றால்தான் என்று மனசு நினைத்துக்கொள்ளும், லிஃப்ட்டால் ஆபத்தில்லை என்று கற்றுக்கொள்ளவே கற்றுக்கொள்ளாது, ஆகவே எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். கம்பி இல்லாமல் நான் குளியலறைக்குக்கூடப் போனதில்லை அக்கா. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து, ஒரே ஒரு கம்பியை மட்டும் வலது கால் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டேன். இதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன், அலமாரிக் கணக்கு உன் மேல் இருப்பதால் நீ வாயைத் திறக்க மாட்டாய் என்ற தைரியத்தில்.

ஏழாவது படி, தனியாக, கதவு மூடி, தரையிலிருந்து நாலாம் மாடி வரை. எண்பத்தைந்து மார்க். என்ன நடக்கும் என்ற இடத்தில், லிஃப்ட் நின்றுவிடும், கதவு திறக்காது, மூச்சு முட்டி இறந்துவிடுவேன் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பதினாலாம் மாடி கடைசிப் படி, அது அடுத்த வாரம்தான், அன்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க வேண்டும் என்பதால் மகளுக்கு எதுவும் சொல்லவில்லை. காலை பதினோரு மணி. உள்ளே போனேன், நாலை அமுக்கினேன், கதவு மூடியது. முதல் மாடி வரை ராஜா மாதிரி நின்றேன். இரண்டாம் மாடி தாண்டியதும் கை தானாக சாக்ஸுக்குப் போயிற்று. கதவைத் திறக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை அக்கா, சத்தியமாக, இரண்டு தகரத்துக்கும் நடுவில் கம்பியை விட்டு, உள்ளே தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுதான் விட்டேன். கதவு ஒரு நூல் விலகியது. லிஃப்ட் டக்கென்று நின்றது. கம்பியை இழுத்தேன், வரவில்லை. ஓடுகிற லிஃப்ட்டில் கதவு ஒரு நூல் திறந்தாலும் அது உடனே நின்றுவிடுமாம், பாதுகாப்புக்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்களாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதை கேட்டிருப்பாய், அது நான்தான்.

அந்த முதல் ஐந்து நிமிடத்தை எழுத எனக்கு வரவில்லை. சட்டை முழுக்க நனைந்து, தரையில் உட்கார்ந்து, பேத்தியை நினைத்துக்கொண்டேன் என்று மட்டும் வைத்துக்கொள். பிறகு சுவரில் இருக்கிற பேசுகிற பெட்டியிலிருந்து விசில் சத்தம். கீழே காத்திருந்த உன் தம்பி பெண்டாட்டி, செக்யூரிட்டி மேஜையில் இருக்கிற பெட்டியைப் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். எத்தனை என்று கேட்டாள். நூற்றி இருபது என்றேன். நூற்றுக்கு மேல் மார்க் கிடையாது, ஒழுங்காகச் சொல்லுங்கள் என்றாள். சரி, நூறு என்றேன். அப்புறம், அந்தக் குரலை நான் முப்பத்தாறு வருடத்தில் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன், "நான் இங்கயே இருக்கேன். எங்கயும் போகல. அது தானா இறங்கும்னாங்க இல்ல, இறங்கட்டும், பாப்போம்" என்றாள்.

நிமிடத்துக்கு ஒரு தடவை எத்தனை என்று கேட்டாள், நான் சொன்னேன். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்து. தொண்ணூறு. செக்யூரிட்டி அந்தப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் என் மார்க் கீழே கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. எண்பது என்றதும் யாரோ கை தட்டினார்கள். எழுபதுக்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். நடுவில் எழுபத்தெட்டுக்கு ஏறினபோது ஒட்டுமொத்தமாக அடடா என்றார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாடி மாடியாக நின்றவர்களுக்குக் கத்தி அறிவித்துக்கொண்டிருந்தாராம். அறுபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எங்கேயோ எனக்குத் திடீரென்று உறைத்தது, நான் ஒன்றுமே செய்யவில்லையே என்று. கம்பி மாட்டிக்கொண்டுவிட்டது, கையில் ஒரு ஆயுதம் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. முப்பத்தெட்டு வருடத்தில் நான் கை வைக்காமல் திறந்த பூட்டு இது ஒன்றுதான் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்ததைக் கேட்டுக் கீழே பயந்துவிட்டார்கள். நாற்பதில் எழுந்து நின்றேன். முப்பதில் சலிப்பாக இருந்தது. எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நாலு கிலோ என்று எழுதியிருந்ததை வகுத்துப் பார்த்து, ஆளுக்கு அறுபத்தெட்டு, நான் எழுபத்தொன்பது, பாக்கிப் பதினொரு கிலோ யார் தலையில் என்று யோசித்தேன். இருபதில் பசித்தது. பிஸ்கட்டை வீட்டில் வைக்கச் சொன்ன டாக்டரம்மா மேல் லேசாகக் கோபம்கூட வந்தது.

ஐம்பது நிமிடம் கழித்து லிஃப்ட் மெக்கானிக் வந்தார். மேலே மோட்டார் அறைக்குப் போய் லிஃப்ட்டை மூன்றாம் மாடிக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்தி, வெளியிலிருந்து கதவைத் திறந்தார். திறந்ததும் நான் முதலில் பார்த்தது என் மனைவி முகத்தை இல்லை, அவர் கையில் இருந்த சாவியை. சாவித்துளை இருக்கிறது அக்கா! வெளிப்பக்கம், கதவின் மேல் மூலையில், முக்கோணமாக, விரல் நுனி அளவுக்கு. தொழிலில் முப்பத்தெட்டு வருடம் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மெக்கானிக் கதவிடுக்கிலிருந்து என் கம்பியை உருவினார், அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பைக்குள் போட்டுக்கொண்டார். ஏதோ குப்பை மாட்டியிருந்தது என்று செயலாளரிடம் சொன்னார். தொழில்காரன் தொழில்காரனைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பது எவ்வளவு உண்மை. எல்லாரும் என்னைத் தூக்காத குறையாக வெளியே இழுத்தார்கள், ஒருவர் தண்ணீர், ஒருவர் விசிறி. நான் நகரவில்லை. லிஃப்ட் ஓடுகிறதா என்று மெக்கானிக் சோதித்துப் பார்க்க வேண்டுமாமே, அப்படியானால் பதினாலுக்கே போய்ச் சோதிக்கலாமே என்றேன். அவள் விசிலைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

குழந்தை தூங்குகிறது என்று மகள் போனை அமைதியில் வைத்திருந்ததால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. மணி அடித்தேன். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "எப்படிப்பா வந்தீங்க?" என்றாள். "லிஃப்ட்டுலதாம்மா" என்றேன். ரொம்பச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாகக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த வசனம் அது, சாதாரணம் அதோடு முடிந்தது. நான் அழுதேன், அவள் அழுதாள், மாப்பிள்ளைக்குப் போன் போனது, அவர் அலுவலகத்திலிருந்தே அழுதார். தூங்கி எழுந்த பேத்தி என்னை ஏற இறங்கப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மோட்டார் இல்லாமல் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று புரிந்துகொண்டு, டர்ர் என்றேன். சிரித்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டின் எல்லா அறைக்கும் போனேன். காற்றும் வெளிச்சமும் நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினோம். நடக்கும் என்று நினைத்தது, மூச்சு முட்டி இறப்பேன். நடந்தது, பசித்தது. அதைப் படித்துவிட்டு அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. திரும்பி உட்கார்ந்ததும் இப்படி ஒரேயடியாக மாட்டிக்கொள்வது சிகிச்சை இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லி, தினமும் போய் வரச் சொன்னார், விட்டால் பயம் திரும்பி வரலாமாம். விடுவேனா? இப்போது தினமும் மூன்று தடவை ஏறி இறங்குகிறேன். ஆறாம் மாடியில் ஒரு பீரோ, ஒன்பதில் ஒரு தபால் பெட்டி, பன்னிரண்டில் ஒரு சூட்கேஸ் என்று வேலையும் வருகிறது. அந்தக் கட்டடத்தில் என் பெயர் மார்க் தாத்தா. எந்த மாடியில் கதவு திறந்தாலும், இன்னிக்கு எத்தனை தாத்தா என்று கேட்கிறார்கள், மூணு, ரெண்டு என்று சொல்லிக்கொண்டு போகிறேன். மகள் வருகிற திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள், காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் மேலே இருப்போம். இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே அக்கா, சண்டை என்று உனக்குப் போன் போட்டவரிடம் அதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல், எப்படி என்று சொல்லாதே. அத்தானுக்கு என் வணக்கங்கள், உப்பைக் குறைக்கச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எந்தப் பயம் இருந்தாலும் ஒளிக்காமல் சொல்லச் சொல். நீ இங்கே வரும்போது என் கையாலேயே பொத்தானை அமுக்கி உன்னைப் பதினாலாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அலமாரி விஷயத்தை அங்கே வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

என்றும் உன் பாசமுள்ள,
தம்பி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட எடுத்துக்கொண்டு கிளம்பினவனை மகள் வழியிலேயே பிடித்து, உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன் என்று உன் தம்பி பெண்டாட்டியையும் சேர்த்துக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வந்து பார்த்தால் ஒரு வீடு. மாடியே இல்லாத வீடு. எனக்குப் பயம் என்று சொன்ன அன்றைக்கே தேட ஆரம்பித்தாளாம், இப்போது நான் தினமும் ஏறுவதும் அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் என்று நினைத்தாளாம், அப்பாவை அந்தப் பெட்டிக்குள் ஏற்றி வதைக்க மனசு வரவில்லையாம், நேற்றுப் பேசி முடித்துவிட்டார்களாம், ஞாயிற்றுக்கிழமை குடிவருகிறார்கள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின், என் லிஃப்ட்டை என்னிடமிருந்து பிடுங்காதே என்று எந்த வாயால் சொல்வேன்? ரொம்ப நல்ல வீடும்மா என்று சொல்லிவிட்டேன். நல்ல வீடுதான். பின்கட்டில் வீட்டுக்காரர் இருக்கிறார், அவரிடம் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் இருக்கிறது. எனக்கு நாய் என்றால் உயிர். உன் தம்பி பெண்டாட்டிதான் அதைப் பார்த்ததும் வாசல் படியிலேயே சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை வருடம் என்னிடம் மறைத்திருக்கிறாள் அக்கா. அது ஒண்ணும் பண்ணாதும்மா, ஒண்ணும் பண்ணாதும்மா என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் ஆகிறது, இன்னும் விடவில்லை. அது வலது கை என்பதால் இந்தப் பின்குறிப்பை இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.